ஒரு ரிங்கு விட்டா நல்லாருக்கேன்

தம்பி, கோவிச்சுக்கிராதீங்க, அந்தக் காலைக் கொஞ்சம் அங்கிட்டு ஒதுக்குனீங்கன்னா இதை இப்படி ஓரமாச் சாய்ச்சுக்குவேன். மேல வைக்கலாம்னா இந்தக் கண்டக்டரு மடக்கித் திணிங்கிறாரு. மடக்குற சாமானா இது? மடக்குனா நடுவுல கோடு விழுந்துரும். கோடு விழுந்துச்சுன்னா அந்த எடத்துல இருக்கிற எழுத்து தெரியாமப் போயிரும். அப்புறம் நான் இம்புட்டுத் தூரம் போறதுக்கே அர்த்தமில்ல. உங்க மடியில லேசாப் படும், பரவாயில்லல்ல?

பாயா? பாயில்ல தம்பி. ஃப்ளெக்ஸ் பேனரு. பத்துக்கு எட்டு. மேல வேட்டியைச் சுத்தியிருக்கேன், அதான் உங்களுக்குப் பாய் மாதிரித் தெரியுது.

சத்தமாப் பேசுறனா? தொழில் அப்படி. மைக் செட்டு. எழுமலையில வந்து பவுன்ராஜ்னு கேளுங்க, பச்சப்புள்ளை கூடக் கையைக் காட்டும். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எழவு, எல்லாத்துக்கும் நம்ம குழாய்தான். நாப்பது வருசமா ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல நின்னதுல காது மந்தமாப் போச்சு. நீங்க ஏதாவது சொன்னா கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க.

சென்னைக்குப் போறேன். கிண்டியில பேட்டன்ட் ஆபீசுன்னு ஒண்ணு இருக்காம்ல, அங்க. மூணு மணிக்கு விசாரணை. எனக்கில்ல, எம் மருமகளுக்கு. மருமகள்னா மகனுக்குக் கட்டுனவ இல்ல, எந்தங்கச்சி ஒச்சம்மா மக. அங்கயற்கண்ணின்னு பேரு. நாங்க கயலுன்னு கூப்பிடுவோம். தகப்பன் இல்லாத புள்ள. மூணு வயசுல இருந்து இந்தத் தோள்ல கெடந்து வளந்தவ. திருவிழா திருவிழாவா மைக் செட்டு வண்டியில முன்னாடி உக்கார வச்சுக் கூட்டிக்கிட்டுப் போவேன். மத்த புள்ளைக ராட்டினம் பாக்கும். இது ஆம்ப்ளிஃபயரைக் கழட்டிப் பாக்கும். ஒருக்கா ஷாக் அடிச்சுத் தூக்கிப் போட்டுருச்சு. அழுகும்னு பாத்தா, "மாமா, எந்த ஒயர்ல மாமா அடிச்சது?"ன்னு கேக்குது! நான் என்ன செய்ய?

அந்தப் புள்ள எங்கூடப் பேசி ஒரு வருசமாச்சு தம்பி. ஆமா. மாமான்னு ஒரு வார்த்தை கெடையாது. நான் போன் பண்ணுனாக் கட் பண்ணிருது. பண்டிகைக்கு ஊருக்கு வந்தா எங்க வீதிப் பக்கம் வர்றதில்ல. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. வயசான காலத்துல எனக்கு இது தேவையா சொல்லுங்க.

விசயத்தைச் சொல்றேன். நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க, எம்மேல என்ன குத்தம்னு.

எந்தங்கச்சிக்கு இருதயத்துல ஒரு கோளாறு. துடிப்பு ஓடும் ஓடும் ஓடும், திடீர்னு நின்னு நின்னு அடிக்கும். அப்படியே சாஞ்சுருவா. களை எடுக்கப் போன எடத்துல ஒருக்கா வரப்புல விழுந்து கெடந்தா. பாத்தவன் குடிச்சுட்டுக் கெடக்காளோன்னு நெனச்சுத் தாண்டிப் போயிட்டான், நாசமாப் போறவன். கயலு அப்ப காலேசு முடிச்சு மெட்ராசுல வேலையில இருந்துச்சு. ஆஸ்பத்திரியில இதுக்குன்னு மெசினு இருக்கு, நெஞ்சுல கட்டிவிட்டாத் துடிப்பை அதுபாட்டுக்கு டாக்டருக்கு அனுப்பும்னாங்க. சரி கட்டுங்கன்னோம். நெட்டு வேணும்னாங்க. எங்க காட்டுல ஏதுங்க நெட்டு? வேப்பமரத்து மேல ஏறி நின்னாக் கூட ஒரு கோடுதான் டவரு. பேச முடியாது. ரிங்கு மட்டும் போகும்.

ரிங்கு மட்டும் போகும். அதுலதான் இருக்கு சூட்சுமம்.

எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. நான் ஆரம்பிச்சு வச்சது. நான் ஊர் ஊராப் போறவன்ல. போய்ச் சேந்ததும் வீட்டுக்கு ஒரே ஒரு ரிங்கு விட்டுக் கட் பண்ணிருவேன். ஒரு ரிங்குன்னா, நல்லாருக்கேன், வந்து சேந்துட்டேன். ரெண்டு ரிங்குன்னா, திரும்பக் கூப்பிடு. விடாம அடிச்சா, எடுத்துப் பேசு, ஏதோ அவசரம். காசும் செலவில்ல. எந்தங்கச்சி வீடு, எம் வீடு, எல்லாருக்கும் இதுதான். ஒரு ரிங்கு வந்தா ஒருத்தரும் எடுக்கக் கூடாது, திருப்பியும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா மருவாதி இல்ல. கயலு ஹாஸ்டல்ல இருந்த வரைக்கும் தெனம் சாயங்காலம் எனக்கு ஒரு ரிங்கு வரும். அந்த ஒரு ரிங்குல எனக்கு வயிறு நெறைஞ்சுரும் தம்பி.

இந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? அந்த வழக்கத்தையே மெசினா ஆக்கிருச்சு! ஆத்தா நெஞ்சுல ஒட்டிக்கிற மாதிரி ஒரு வில்லை. அதுக்குள்ள ஒரு சிம்மு. துடிப்பு சரியா இருந்தா ஆஸ்பத்திரி நம்பருக்கு ஒரு ரிங்கு. படபடப்புன்னா ரெண்டு. ஆளு விழுகப் போறான்னா விடாம அடிக்கும், ஆம்புலன்ஸ் கெளம்பிரும். நெட்டு வேண்டாம், பேச வேண்டாம். ஒரு கோடு டவரு இருந்தாப் போதும். மொதல்ல எந்தங்கச்சிக்குத்தான் ஒட்டுச்சு. ஒட்டுன வருசமே ஐப்பசியில, மழையில, விடாம ரிங்கு அடிச்சிருக்கு. வண்டி வந்து தூக்கிக்கிட்டுப் போயி உசுரைக் காப்பாத்திட்டாங்க. இன்னைக்கு ஒச்சம்மா ஒக்காந்து வெத்தலை போடுறான்னா அந்த வில்லைதான் காரணம்.

இதுல மூளையில பாதி நான்தானே? ரிங்கு என்னோடதுல்ல. நான் அப்படிச் சொல்லிக்கிறதில்ல. நீங்க கேட்டதால சொல்றேன்.

இப்ப பேனருக்கு வாரேன்.

பங்குனிப் பொங்கலுக்குக் கயலு ஊருக்கு வந்திருந்துச்சு. வில்லை நல்லா வேலை செய்யுது, இன்னும் ரெண்டு மூணு மாசத்துல பேட்டன்ட்டுக்கு மனுப் போடப் போறேன்னுச்சு. அது என்னாத்தான்னு கேட்டேன். "நான் கண்டுபிடிச்சதை வேற எவனும் செஞ்சு விக்கக் கூடாது மாமா, அதுக்குக் கவர்மென்ட்டு குடுக்கிற உரிமை. அது கெடச்சாத்தான் நான் கொறைஞ்ச வெலைக்குக் கிராமத்து ஆஸ்பத்திரிக்கெல்லாம் குடுக்க முடியும். இல்லைன்னா பெரிய கம்பெனிக்காரன் அதையே செஞ்சு மாசம் மாசம் வாடகை கேப்பான்"னுச்சு. எனக்கு அந்த வில்லைக்குள்ள என்ன இருக்குன்னு ஆசை. பக்கத்துல உக்காந்து, ஒரு வெள்ளைத் தாள்ல படம் போட்டு, இது துடிப்பைப் பாக்குறது, இது கணக்குப் போடுறது, இது ரிங்கு விடுறதுன்னு அம்புட்டையும் சொல்லிக் குடுத்துச்சு. எத்தனை பேரு வீட்டுல மருமக மாமனுக்கு இப்படிச் சொல்லிக் குடுப்பா? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்தத் தாளை வாங்கிப் பைக்குள்ள வச்சுக்கிட்டேன்.

மறுநா பாத்தா, கோயில் முக்குல எதுத்த வீட்டுக்காரன், மகன் சிங்கப்பூர் போனதுக்குப் பேனரு வச்சிருக்கான். எட்டுக்கு ஆறு. பய கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் காருமேல சாஞ்சு நிக்கிறான். அந்தக் காரு அவனோடது கூட இல்ல. எனக்குப் பொறுக்குமா? சிங்கப்பூர்ல போயி ஒயரு இழுக்குறவனுக்குப் பேனரு, ஒலகத்துல எவனும் கண்டுபிடிக்காததக் கண்டுபிடிச்ச எம் புள்ளைக்கு இல்லையா?

நேரா ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். பத்துக்கு எட்டுப் போடுன்னேன். கயலு போட்டோ நடுவுல. பக்கத்துல அந்தப் படம், தாள்ல இருந்தபடி அப்படியே, பெருசா. பொட்டிக்குப் பொட்டி அம்புக்குறி போட்டு, எது எதுக்குன்னு தமிழ்ல எழுதச் சொன்னேன். ஒரு ரிங்கு, ரெண்டு ரிங்கு, எல்லாம். கீழ தேதி. ஓரத்துல, இவண் தாய்மாமன் பவுன்ராஜ், கை கூப்புன மாதிரி நானு. அடேயப்பா! ஊரே நின்னு படிச்சுச்சு. வாத்தியாருமாரு புள்ளைகளைக் கூட்டியாந்து காட்டுனாங்க. நான் மைக்குல வேற மூணு நாளும் விளக்கம் சொன்னேன். கயலு அதுக்கு முந்தின நாளே வேலைன்னு மெட்ராசு போயிருச்சு, பாக்கல. சரி, போட்டோ அனுப்பிச் சொல்லலாம்னா எம் போனு பட்டன் போனு. வரும்போது காட்டுவோம்னு சுருட்டி வச்சுட்டேன்.

அம்புட்டுத்தான் தம்பி. இதுல யாரு குடியை நான் கெடுத்தேன்?

அதுக்கப்புறந்தான் கயலு மனுப் போட்டுச்சு. வேலையை விட்டுருச்சு. ராப்பகலா அதே சோலி. ரெண்டு வருசம் கழிச்சு ஒரு பெங்களூரு கம்பெனி குறுக்க விழுந்துட்டான். இதுக்கு உரிமை குடுக்கக் கூடாது, இது மனுப் போடுறதுக்கு முன்னாடியே ஊருல இருந்துருக்குன்னு எழுதிக் குடுத்துட்டான். எவனோ எங்கூர்ப் பய திருவிழாவுல பேனரு முன்னாடி நின்னு படம் புடிச்சு ஃபேஸ்புக்குல போட்டிருக்கான். அதை எங்கிட்டிருந்தோ தோண்டி எடுத்திருக்கான் கம்பெனிக்காரன்.

கயலு போன் பண்ணுச்சு. விடாம அடிச்சுச்சு. எடுத்தேன். "மாமா, யாரைக் கேட்டு மாமா அந்தப் பேனரை வச்சீங்க?" எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. யாரைக் கேக்கணும்? தாய்மாமன் யாருகிட்ட உத்தரவு வாங்கணும்? நானும் ரெண்டு வார்த்தை விட்டேன். அது அழுதுக்கிட்டே, "மனுப் போடுறதுக்கு முன்னாடி வெளிய நாலு பேருக்குத் தெரிஞ்சாலே போச்சு மாமா, அப்புறம் அது எல்லாருக்கும் பொதுவாப் போயிரும்"னுச்சு. "சரி, இருக்கிறதையாவது கிழிச்சு எரிச்சுருங்க"ன்னுச்சு. ஆட்டுக்கொட்டாய்க்குக் கூரையாப் போட்டாச்சு, வெயில்ல வெளுத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன். எரிப்பனா? எம் மருமக மூஞ்சி இருக்கிற பேனரை நான் எரிப்பனா? பரண்ல வேட்டியைச் சுத்திப் பத்திரமா வச்சிருந்தேன். ஒரு எலி கடிக்கல.

என்ன சொல்றீங்க? அட, உங்களுக்கும் அது மாதிரித்தான் தோணுதா? மனுவுக்கு முன்னாடி காட்டியிருக்கக் கூடாதா? இருங்க இருங்க. நான் கேக்குறேன், பதில் சொல்லுங்க. ஒரு பொருளு என்னோடதுன்னா, நான் ஊரறியச் சொன்னாத்தானே என்னோடதுன்னு ஊருக்குத் தெரியும்? பத்திரத்தைப் பதியுறதுக்கு முன்னாடி நாலு எல்லையும் ஊரைக் கூட்டிக் காட்டுறதில்லையா? ஒளிச்சு வச்சாத்தான் எனக்குச் சொந்தம்னா அது களவாணிப் பய சட்டம்ல. கயலு சின்னப் புள்ள. அவ வச்சிருக்கிற வக்கீலு அதைக் கொழப்பி விட்டுருக்கான்.

நான் யோசிச்சேன் தம்பி. மூளையைப் போட்டுக் கசக்குனேன். கம்பெனிக்காரன் என்ன சொல்றான்? முன்னாடியே இருந்துச்சுங்கிறான். சரிடா. முன்னாடியே இருந்துச்சுன்னா யாருகிட்ட இருந்துச்சு? எம் மருமககிட்ட! பேனர்ல பேரு இருக்கு, போட்டோ இருக்கு, தேதி இருக்கு. உனக்கு முன்னாடி அவதான்டான்னு காட்டிட்டா முடிஞ்சுபோச்சுல்ல?

அதைவிடக் கூத்தைக் கேளுங்க. போன வாரம் ஒச்சம்மா சொல்றா, "அண்ணே, வக்கீலு சொன்னாராம், அந்த ஃபேஸ்புக்குப் படம் மங்கலா இருக்காம், பொட்டிக்குள்ள என்ன எழுதியிருக்குன்னும் தெரியலையாம், தேதியும் தெரியலையாம்"னு. எனக்கு அப்படியே பகீர்னு ஆயிருச்சு! அட கிறுக்குக் கழுதைகளா, மங்கலா இருந்தா எப்படி நம்புவான் ஆபீசரு? அதான் கேசு இழுத்துக்கிட்டே கெடக்கு. தெளிவான படம் எங்கிட்டல்ல பரண்ல கெடக்கு! இதுக்கு நடுவுல பெங்களூரான் வேற ஆளு அனுப்பியிருந்தான். டை கட்டுன பய, எம் வீட்டு வாசல்ல வந்து நின்னு, ஐயா ஐயான்னு குழைஞ்சு, அந்தப் பேனரைக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தந்துர்றோம்னான். நான் என்ன கேணையனா? அதைக் கிழிச்சுப்போடத்தானே கேக்குறான்? போடா அங்கிட்டுன்னு வெரட்டி விட்டேன். அவனுக்கு நான் குடுக்கல. எம் மருமகளுக்குன்னு வச்சிருந்தது. இன்னைக்கு அவன் மூஞ்சிக்கு நேரா விரிக்கிறேனா இல்லையான்னு பாருங்க.

ஏன் தம்பி தலையில கை வச்சுட்டீங்க? பஸ்ஸு ஒத்துக்கலையா? எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்து பாருங்க.

வேண்டாமா? சரி.

விடியக்காலை மாட்டுத்தாவணியில ஏறும்போதுதான் ஒச்சம்மாவுக்குச் சொன்னேன். இப்படிப் பேனரை எடுத்துக்கிட்டுப் போறேன், கயலுகிட்டச் சொல்லாத, நான் நேர்ல போயி நின்னுக்கிறேன்னேன். "ஐயய்யோ அண்ணே, அது ஆட்டுக்கொட்டாய்க்குப் போயிருச்சுன்னியே"ன்னு கத்துறா. அவ பயந்தவ. நெஞ்சுல வேற வில்லை ஒட்டியிருக்கு, ரொம்பப் பேசுனா அது வேற ரிங்கு விட்டுரும்னு போனை வச்சுட்டேன். ஆனா அவ வாயில எது நிக்கும்? இந்நேரம் மகளுக்குச் சொல்லியிருப்பா.

பாருங்க! பாருங்க தம்பி! அடிக்குது! யாரு நம்பருன்னு பாருங்க, எனக்குக் கண்ணாடி பையில இருக்கு. கயலு-ன்னு இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஆத்தாடி!

நின்னுருச்சு. ஒரு ரிங்கு.

ஒரு ரிங்கு தம்பி! ஒரு வருசம் கழிச்சு எம் மருமக ஒரு ரிங்கு விட்டுருக்கா! நல்லாருக்கேன் மாமா, வாங்கன்னு அர்த்தம். ஒச்சம்மா சொல்லிட்டாபோல. எனக்காக மாமன் வாரான்னு அவ மனசு எறங்கிருச்சு. இருங்க, கண்ணைத் தொடைச்சுக்கிறேன்.

டவரா? ஆமா, இந்தத் துவரங்குறிச்சிக் காட்டுப் பக்கம் எப்பவும் டவரு இருக்காது. எம் போனும் லாரியில இருந்து விழுந்ததுல இருந்து இப்படித்தான், பேசும்போதே போயிரும். அதுக்கும் இதுக்கும் என்ன? ரிங்கு வந்துச்சுல்ல, அது போதும் எனக்கு.

இந்தா, மறுபடியும்! அதுவும் ஒரு ரிங்கு. போச்சு. இந்தா பாருங்க இன்னொண்ணு! ஏய் கழுதை, எத்தனை தடவைடி நல்லாருக்கேன்னு சொல்லுவ? சின்ன வயசுல இப்படித்தான், பரிச்சையில பாஸான அன்னைக்கு நிறுத்தாம ஒவ்வொரு ரிங்கா விட்டுக்கிட்டே இருந்துச்சு.

திருப்பிக் கூப்பிடுறதா? சே சே. என்ன தம்பி நீங்க, இம்புட்டு நேரம் சொன்னனே. ஒரு ரிங்குக்குத் திருப்பிக் கூப்பிட்டா அர்த்தமே கெட்டுப்போகும். ரெண்டு விட்டிருந்தா வேற. விடாம அடிச்சிருந்தா வேற. பேசணும்னு நெனச்சிருந்தா அவளுக்குத் தெரியாதா? இந்த வழக்கத்தை வச்சு மெசினே பண்ணுனவளுக்கு ஒரு ரிங்கு எது, ரெண்டு ரிங்கு எதுன்னு நீங்களும் நானுமா சொல்லிக் குடுக்கணும்? உங்க போன்ல இருந்தா? வேண்டாங்க. முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை நம்பர்ல இருந்து அந்தப் புள்ளைக்கு எதுக்குப் போன்? தப்பா நெனைக்காதீங்க. நம்பரெல்லாம் குடுக்க முடியாது.

போக வேண்டாமா? ஏங்க? நீங்களும் அந்த வக்கீலு மாதிரியே பேசுறீங்களே. இருங்க, கையை விடுங்க. பேனரைப் புடிச்சு இழுக்காதீங்க தம்பி, கோடு விழுந்துரும். நல்ல மனுசன்னு நம்பித்தானே உங்க மடியில சாய்ச்சேன்? யாருங்க நீங்க? அந்தப் பெங்களூரு ஆளா? இல்லைல்ல? அப்பச் சரி. பேசாம வாங்க.

கோவிச்சுக்கிராதீங்க. சத்தம் போட்டுட்டேன். நீங்க எதோ நல்லதுக்குத்தான் சொல்றீங்க, எனக்குப் புரியுது. ஆனா எனக்கு வேற என்ன தெரியும் சொல்லுங்க? அந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. வக்கீலுகூடப் பேச இங்கிலீசு தெரியாது. அந்தப் புள்ள தனியா நிக்கிது, இத்தாம்பெரிய கம்பெனிக்காரனுக முன்னாடி. தகப்பன் இருந்தா கூடப் போயி நின்னிருப்பான். என்கிட்ட இருக்கிறது இந்தப் பேனரு ஒண்ணுதான். இதைக்கூடக் கொண்டுபோயிக் குடுக்கலைன்னா நான் என்ன தாய்மாமன்?

திருச்சி வந்துருச்சே. நீங்க எறங்கணும்ல? பாத்து எறங்குங்க. அப்படியே அந்த முனையைக் கொஞ்சம் தூக்கி எம் பக்கம் குடுத்துட்டுப் போங்க. ஆங், அந்தப் பக்கந்தான் தேதி இருக்கு, பதமா.

என்ன அப்படியே நிக்கிறீங்க? கண்டக்டரு விசில் அடிக்கிறாரு பாருங்க. மறுபடியும் அடிக்கிதா? தெரியுது தெரியுது, பாத்துட்டேன். அவதான், இதுவும் ஒரே ரிங்குதான். இப்படியே விட்டா சார்ஜு போயிரும். ஆபீசு வாசல்ல எறங்குனதும் நான் அவளுக்கு ஒரு ரிங்கு விடணும்ல, வந்து சேந்துட்டேன்னு. அது வரைக்கும் ஆஃப் பண்ணி வச்சுக்கிறேன். இந்தச் செகப்புப் பட்டன்தானே தம்பி? அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்கணுமா?

ஆங். போயிருச்சு.